எண்ணுவதற்குத் தாம் இருப்பதாகச் சொன்னவருக்கும் உடனிருந்த அனைவருக்கும்

அன்புடையீர்,

என் இதயத் துடிப்புக் கோளாறுக்காக, தவறான மின்துடிப்புகளைத் தடுக்க இதயத்தினுள் சிறு தழும்புகள் இடும் அப்லேஷன் சிகிச்சை முடிந்து இன்றோடு ஐந்து வாரங்கள் ஆகின்றன. நடந்தவை உங்களில் பெரும்பாலோருக்குத் தெரியும் என்பதால் அவற்றை மீண்டும் விவரிக்கவில்லை. நாள் தள்ளிப்போனால் சொற்கள் ஆறிப்போய்விடும் என்பதால், நெஞ்சு சீராகத் துடிக்கும் இந்த நேரத்திலேயே நன்றியைச் சொல்லிவிட விரும்புகிறேன்.

முதல் நன்றி, பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளாமல் நான் விட்டுவந்த ஓர் இரவுப் பணிச் செவிலியருக்கு உரியது.

தொடை இடுக்கின் சிரை வழியாகச் செலுத்திய குழாய்களை எடுத்த பிறகு ஆறு மணி நேரம் மல்லாந்தே படுத்திருக்க வேண்டும், வலது காலை மடக்கக் கூடாது, தலையைத் தூக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து கொடுத்திருந்ததால், சற்று அசைந்தாலும் துளையிட்ட இடத்திலிருந்து ரத்தம் கசியக்கூடும். வலி பெரிதாக இல்லை, பயம்தான் இருந்தது. இரண்டு ஆண்டுகளாகவே, பேசும்போதும் சாப்பிடும்போதும் உறக்கம் கலையும்போதும், என் வலக்கை விரல்கள் இடது மணிக்கட்டைத் தேடிச் சென்று நாடியை எண்ணிக்கொண்டிருந்தன. அன்றிரவும் போர்வைக்கடியில் அதையேதான் செய்துகொண்டிருந்தேன். பக்கத்திலிருந்த மானிட்டரில் 82, 79, 85 என்று எண் மாறும் ஒவ்வொரு முறையும் அடிவயிறு கலங்கியது.

தொடையில் போட்டிருந்த கட்டைப் பார்ப்பதற்காகப் போர்வையை விலக்கிய அந்தச் செவிலியர், என் விரல்கள் எங்கே இருக்கின்றன என்பதைக் கவனித்துவிட்டார். ஒன்றும் கேட்கவில்லை. மானிட்டரின் திரையை என் பார்வையில் படாதபடி திருப்பினார். பிறகு என் வலக்கையை மணிக்கட்டிலிருந்து மெல்லப் பிரித்தெடுத்து, தொடைக் கட்டின்மேல் வைத்து, அதன்மேல் தம் உள்ளங்கையை வைத்து, எவ்வளவு அழுத்த வேண்டும் என்று காட்டினார். "ஐயா, எண்றதுக்கு நான் இருக்கேன். இந்தக் கைக்கு இங்கதான் வேலை. இருமலோ தும்மலோ வந்தா இப்படி அழுத்திக்கோங்க" என்றார். அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார். பயப்பட வேண்டாம் என்று எனக்குச் சொன்னவர்கள் பலர். அவர்கள் அன்பை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் பயந்துகொண்டிருந்த கைக்கு ஒரு வேலையைக் கொடுக்க வேண்டும் என்று அவருக்குத்தான் தோன்றியது. விடிவதற்கு முன் நான் உறங்கிப்போனேன். கண்விழித்தபோது கை அவர் வைத்த இடத்திலேயே இருந்தது.

இதயத்தின் இடது மேலறையில், நுரையீரல் சிரைகள் வந்து சேரும் நான்கு வாய்களையும் சுற்றிப் பொறுமையாகத் தழும்பிட்டு, அங்கிருந்து கிளம்பிய தவறான மின்துடிப்புகளுக்கு அணைகட்டிய மருத்துவருக்கும், மயக்க மருந்து நிபுணருக்கும், கேத் லேப் எனப்படும் இதயக் குழாய்ச் சிகிச்சை அறையில் பல மணி நேரம் கனமான ஈய உடையோடு நின்ற தொழில்நுட்பப் பணியாளர்களுக்கும், ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை ஒருவேளைகூடத் தவறவிடக் கூடாது என்று மூன்று முறை சொல்லி அனுப்பிய மருந்தாளுநருக்கும், நான் எதையும் தூக்கிவிடாதபடி காவல் காத்த என் தங்கைக்கும், என் வேலைகளைச் சொல்லாமலே பங்கிட்டுக்கொண்ட அலுவலக நண்பர்களுக்கும் என் நன்றி.

நான் பார்த்தேயிராத சிலருக்கும் நன்றி சொல்ல வேண்டும். இந்தத் துடிப்புக் கோளாறைத் தூண்டிவிடும் மின்துடிப்புகள் பெரும்பாலும் அந்த நுரையீரல் சிரைகளிலிருந்தே கிளம்புகின்றன என்று பிரான்சின் போர்தோ நகரில் இதய மருத்துவர் மிஷேல் ஹைசகேர் குழுவினர் 1998இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். அந்த ஆய்வுக்கு உட்பட்ட நோயாளிகள் 45 பேர். மருந்துகளுக்குக் கட்டுப்படாத துடிப்போடு, இன்று எனக்கு இருந்த தெளிவும் உறுதியும் இல்லாத காலத்தில், அவர்கள் அந்த மேசையில் படுத்திருக்கிறார்கள். அவர்களை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

மூன்றாவது வாரத்தில் ஒருநாள் நள்ளிரவில் நெஞ்சு மறுபடி படபடத்தது. தழும்பு ஆறும் முதல் மூன்று மாதங்களில் இப்படி வரக்கூடும், அதனால் சிகிச்சை தோற்றுவிட்டதாக நினைக்க வேண்டாம், மூச்சுத் திணறலோ மயக்கமோ நெஞ்சு வலியோ இருந்தால் மட்டும் உடனே வர வேண்டும் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். அவை எதுவும் இல்லை. ஆயினும் விரல்கள் பழையபடி மணிக்கட்டுக்குப் போய்விட்டன. அவற்றை எடுத்து, கருநீலம் மாறி மஞ்சளாகிக்கொண்டிருந்த தொடைக் கன்றலின்மேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். சிறிது நேரத்தில் துடிப்பு தானே அடங்கியது. மறுநாள் எடுத்த இ.சி.ஜி.யும் சீராக இருந்தது.

மூன்றாம் மாதப் பரிசோதனைக்குப் போகும்போது, இரவுப் பணி தொடங்கும்வரை காத்திருந்து, அந்தச் செவிலியரின் பெயரைக் கேட்டுக்கொண்டு, இந்த மடலின் படியொன்றை அவர் கையிலேயே கொடுப்பேன்.