மார்ஃபினைப் பொத்தாம்பொதுவாகப் போதை மாத்திரை என்று எழுதலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். வலி மாத்திரைகளைப் போதைக்கு விற்றவர்கள் பிடிபட்ட செய்திகளை அடிக்கடி வெளியிடுகிறீர்கள். வெளியிட வேண்டியதுதான். ஆனால் அவற்றில் திரும்பத் திரும்ப அடிபடும் பெயர் டேபென்டடால். அது ஆலையில் செயற்கையாகத் தயாராவது. அபினியிலிருந்து எடுக்கும் வலி மருந்தான மார்ஃபினையும் அதோடு சேர்த்து ஒரே வரியில் எழுதினால், புற்றுநோயாளி இருக்கும் வீட்டில் அதைப் படித்துவிட்டு மாத்திரையை ஒளித்து வைக்கிறார்கள்.

என் பெரியம்மாவுக்கு எலும்பு வரை பரவிவிட்ட புற்றுநோய். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை 10 மில்லிகிராம் மார்ஃபின் என்று டாக்டர் எழுதிக்கொடுத்தார். "அபினிம்மா அது, பழகிடும்" என்று உறவுக்காரர் ஒருவர் கிளப்பிவிட, வலி தாங்காத ராத்திரிகளில் மட்டும் பாதியாக உடைத்துக் கொடுத்தார்கள். தலைமாட்டில் மருந்து இருக்க, பெரியம்மா முந்தானையைக் கடித்துக்கொண்டு கிடந்தார். நேரம் தவறாமல் கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார். சீரியல் நேரத்தில் யாராவது குறுக்கே போனால் திட்டவும் செய்தார்!

ஆபத்தே இல்லை என்று சொல்லவில்லை. மலச்சிக்கல் அநேகமாக எல்லோருக்கும் வரும். முதல் நாளிலிருந்தே மலம் இளக்கும் மருந்தும் சேர்த்துத் தர வேண்டும். குமட்டலும் தூக்கமும் சில நாளில் குறையும். அளவு மீறினால் மூச்சு மந்தமாகி உயிரே போகலாம்; சாராயமோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் இன்னும் மோசம். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மருந்தின் கழிவு உடம்பிலேயே தேங்கும் என்பதால் டாக்டர் அளவைக் குறைப்பார், அல்லது மாற்று மருந்து தருவார். நாமாகச் சட்டென்று நிறுத்தவும் கூடாது. அப்புறம், வேறு யார் கைக்கும் போகாதபடி மாத்திரையைப் பூட்டி வைக்க வேண்டும்.

மார்ஃபின் எடுக்கும் அபினி நம் நாட்டிலேயே, மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசு உரிமத்தோடு பயிராகிறது. ஆனாலும் 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் மார்ஃபின் வைத்திருக்கவே பல ஆஸ்பத்திரிகள் தயங்கின. 2014இல் சட்டத்தைத் திருத்தி, உரிமம் வாங்குவதைச் சுலபமாக்கினார்கள். சரி, பலன் எங்கே? கடலூரில் நாங்கள் விசாரித்த மருந்துக் கடை எதிலும் இல்லை. ஒவ்வொரு தடவையும் புதுச்சேரிக்கு பஸ் ஏறினோம்.

அடுத்த முறை இப்படிச் செய்தி போடும்போது பிடிபட்டது எந்த மாத்திரை என்று பெயரோடு போடுங்கள். கடலூர் மாவட்டத்தில் மார்ஃபின் தரும் ஆஸ்பத்திரிகள் எவை என்றும் விசாரித்து வெளியிட்டால் புண்ணியமாகப் போகும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மஞ்சக்குப்பம், கடலூர்.