எங்கள் பள்ளிக்கூடத்தை மூடலாமா என்று கேட்டிருந்தாயே

அன்புள்ள மக்கா,

மஸ்கட்டிலிருந்து நீ போட்ட கடிதம் கிடைத்தது. உன் மகளுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்த செய்தியை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். அம்மாவுக்குத்தான் ரொம்ப சந்தோஷம். இங்கே எல்லோரும் சுகம். இந்த வருஷம் பலாச்சக்கை நல்ல காய்ப்பு, தின்ன ஆளில்லாமல் மரத்திலேயே பழுத்து விழுகிறது. மழைதான் விட்டபாடில்லை.

சரி, நீ கடைசியில் கேட்டிருந்த கேள்விக்கு வருகிறேன். முப்பது பிள்ளைகள்கூட இல்லாத பள்ளிக்கு இரண்டு வாத்தியார் எதற்கு, குலசேகரத்தில் பெரிய பள்ளியோடு சேர்த்து ஒரு வண்டி விட்டால் போதாதா என்று எழுதியிருந்தாய். நீ அக்கறையில்தான் கேட்கிறாய் என்று தெரியும். ஆனால் இதே கேள்வியை இங்கேயும் பலர் கேட்பதால், கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

2011 கணக்கெடுப்பில் நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம், மாநிலத்திலேயே முதலிடம். நமக்கெல்லாம் அதில் பெருமைதான். ஆனால் இன்று எங்கள் பள்ளிக்கு வருபவர்களில் பெரும்பாலோர் மீதி எட்டேகால் சதவீதத்தின் வீட்டுப் பிள்ளைகள். கொஞ்சம் வசதி உள்ளவன் பிள்ளையைத் தனியார் பள்ளி வேன் காலையிலேயே வந்து ஏற்றிக்கொண்டு போய்விடுகிறது. மிஞ்சுவது யார்? மலைமேலே இருக்கும் காணிக்காரப் பழங்குடிக் குடியிருப்புப் பிள்ளைகள், ரப்பர் எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், இருக்கும் ஜார்க்கண்ட், அசாம்காரர்களின் பிள்ளைகள், அண்டி ஆபீசுக்கு, அதாவது முந்திரி ஆலைக்கு, வேலைக்குப் போகும் அம்மாக்களின் பிள்ளைகள். வீட்டில் மலையாளம் பேசுகிறவர்களும் இரண்டு மூன்று பேர் உண்டு. ஒரே அறையில் நாலைந்து பேச்சு கேட்கும்.

ரப்பர் பால்வெட்டுக்காரர்கள் விடியும் முன்னே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு போய்விடுவார்கள். வெயில் ஏறினால் பால் ஒழுக்கு குறைந்துவிடும், அதனால் இருட்டோடு போனால்தான் வேலை ஆகும். ஒருவருக்கு முந்நூறு மரத்துக்குக் குறையாது. பிள்ளைகள் தானாக எழுந்து, தம்பி தங்கையைக் கிளப்பி, கதவைச் சாத்திவிட்டு வருவார்கள். முன்பெல்லாம் வெறும் கட்டன்சாயாவோடு வந்து, பதினொரு மணிக்கெல்லாம் வகுப்பில் சுருண்டு படுத்துவிடும் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். 2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த பிறகு அது நின்றுவிட்டது. உப்புமாவோ பொங்கலோ, சூடாக ஒரு தட்டு. மழை பெய்தால் பால்வெட்டு கிடையாது, வெட்டு இல்லாவிட்டால் கூலியும் கிடையாது. நமக்கு இரண்டு பருவமழையும் உண்டே, அந்த மாதங்களில் லயத்து வீடுகளில் அடுப்பு எரிவதே பாடு. அப்போது அந்தத் தட்டின் அருமை இன்னும் கூடுதல்.

இந்தப் பிள்ளைகளை வண்டியில் ஏற்றி அனுப்பலாம் என்கிறாய். ஏற்றிவிட வீட்டில் யார் இருக்கிறார்கள், மக்கா? ஐந்து வயசுக் குழந்தை தனியாக ரோட்டுக்கு இறங்கி வரவேண்டும். வழியில் யானை இறங்குகிற இடமும் இருக்கிறது. ஒரு நாள் வண்டியைத் தவறவிட்டால் அன்று பள்ளி இல்லை. ஒரு வாரம் தவறினால் அப்புறம் அது வரவே வராது. இங்கேயென்றால், ஒரு பிள்ளையைக் காணோம் என்றதும் சத்துணவு அக்காவே லயத்துக்கு ஒரு நடை போய்க் கையோடு கூட்டிவந்துவிடுவார்.

இரண்டு வாத்தியார் என்பதும் தாராளம் ஒன்றும் இல்லை. 2009 கல்வி உரிமைச் சட்டமே 60 பிள்ளைகள் வரை இரண்டு பேர் வேண்டும் என்கிறது. இரண்டு பேருக்கு ஐந்து வகுப்பு. நான் மூன்றாம் வகுப்பு வரை பார்க்கிறேன். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் கற்றல் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் பிரித்து வைத்திருக்கிறது. ஒரு பக்கம் அரும்புக் குழு எழுத்தட்டையோடு உட்கார்ந்திருக்கும், இன்னொரு பக்கம் மலர்க் குழு கதை வாசிக்கும், நடுவில் ஒருத்தி மூக்கைச் சிந்திவிடச் சொல்லி என் கையைப் பிடித்து இழுப்பாள்.

ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜார்க்கண்ட்காரன், இரண்டாம் வகுப்பு. வந்து வெகுநாள் வாயே திறக்கவில்லை. ஒரு நாள் புளியங்கொட்டையை வைத்துப் பத்து பத்தாக எண்ணச் சொல்லியிருந்தேன். இவன் தரையில் நீள நீளமாக வரிசை வைத்துக்கொண்டே போனான். ஒரு வரிசையில் நடுவில் ஓர் இடத்தைச் சும்மா விட்டிருந்தான். பக்கத்திலிருந்த காணிக்காரப் பெண் அங்கே ஒரு கொட்டையை வைக்கப் போனாள். சட்டென்று அவள் கையைத் தள்ளிவிட்டான். உள்ளங்கையை நிமிர்த்தி நிறுத்தி, அப்படியே தரையில் சாய்த்துக் காட்டினான். அவன் அப்பா வெட்டுகிற தோட்டத்தை அப்படியே வைத்திருக்கிறான்! அந்த இடத்து மரம் காற்றில் விழுந்துவிட்டதாம். நான் ஒவ்வொரு வரிசையாகத் தமிழில் எண்ண, அவன் தன் பேச்சில் எண்ணினான். நூறு வரை ஒரு இடத்திலும் பிசகவில்லை.

ஒரு வகுப்புக்கு நாற்பது ஐம்பது பேர் இருக்கிற இடத்தில் இவனை யார் கவனித்திருப்பார்கள்? 'பேசமாட்டான், மந்தம்' என்று கடைசி பெஞ்சுக்குப் போயிருப்பான். இப்போது, "சாரே, இவன் எனக்க பென்சில எடுத்தான்" என்று நம்ம ஊர் இழுப்போடு என்னிடம் புகார் சொல்ல வருகிறான்! நானா சொல்லிக்கொடுத்தேன்? அந்தக் காணிக்காரப் பெண்ணோடு சேர்ந்து விளையாடியதில் வந்தது. அவளுக்கும் வீட்டுப் பேச்சு வேறு, புத்தகத் தமிழ் வேறு. முதல் வகுப்பில் அவளும் அவனைப் போலத்தான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. வாசிக்கத் தொடங்குகிற நேரம் பார்த்துச் சில குடும்பங்கள் சொல்லாமல் கொள்ளாமல் வேறு எஸ்டேட்டுக்கோ சொந்த ஊருக்கோ போய்விடும். எமிஸில், அதாவது கல்வித்துறையின் கணினிப் பதிவில், அந்தப் பேரைக் காமன் பூல் என்கிற, பள்ளியை விட்டுப் போனவர்களின் பொதுப் பட்டியலுக்கு அனுப்ப வேண்டியிருக்கும். வேறு பள்ளி சேர்த்துக்கொண்டதா என்று நான் அடிக்கடி திறந்து பார்ப்பேன். சில பேர் அங்கேயே கிடக்கும்.

1817-லேயே கௌரி பார்வதி பாய் ராணி, நம்ம ஊரும் அன்று சேர்ந்திருந்த திருவிதாங்கூரில் கல்விச் செலவு முழுவதையும் அரசே ஏற்க வேண்டும் என்று கட்டளை போட்டார். நீயும் நானும் செருப்பில்லாமல் நடந்து போய்ப் படித்ததும் சர்க்கார் பள்ளியில்தான். அதுவும் வீட்டுப் பக்கத்தில் இருந்ததால்தானே போனோம்? ஆறாம் வகுப்புக்கு இந்தப் பிள்ளைகள் பஸ் ஏறிப் போகட்டும், அதற்குள் நிமிர்ந்துவிடுவார்கள். முதல் ஐந்து வருஷம் பள்ளி நடை தூரத்தில் இருக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

நீ அனுப்புவதாகச் சொன்ன பெரிய டிவி இப்போதைக்கு வேண்டாம். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு நல்ல குடை வாங்கித் தா. முடிந்தால் இந்தியில் படக்கதைப் புத்தகங்கள் கொஞ்சம் அனுப்பு. அந்தப் பையனின் அப்பா இந்தி வாசிப்பார், ராத்திரி மகனுக்கு வாசித்துக் காட்டலாம். லீவுக்கு வரும்போது ஒரு நாள் காலை எட்டே கால் மணிக்கே பள்ளிக்கு வந்துவிடு. பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, மீதி வாதத்தை அங்கேயே வைத்துக்கொள்ளலாம். தங்கச்சியையும் மகளையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய கூட்டுக்காரன்