பின்னால் நிற்கிறவர்களா நாம்?

கம்மவான்பேட்டை,
வேலூர் மாவட்டம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. ஓசூரில் மகன் வீட்டில் உடம்பு தேறி வருவதாகப் படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம். மழை தாராளம், கிணறு நிறைந்து கிடக்கிறது.

ஒரு விஷயம் மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஆள் சேர்ப்புக்காகக் காலையில் ஓடிப் பழகும் பையன்களில் ஒருவன், "பெரியப்பா, ஆர்ட்டிலரி, அதான் பீரங்கிப்படை, பத்துப் பதினைந்து மைல் பின்னால் நிற்கிற வேலைதானே, ஆபத்தில்லாதது" என்றான். வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போன ஊரிலேயே இப்படி ஒரு எண்ணம்!

அவனுக்கு நம் பீரங்கிப்படையின் 2வது ஃபீல்டு ரெஜிமென்ட் கதையைச் சொன்னேன். 1942 மே 27, லிபியப் பாலைவனம், பீர் ஹக்கீம் பக்கம் பாயிண்ட் 171. இத்தாலிய டாங்குகள் விடியற்காலையில் நேராக வந்து விழுந்தன. ஒளிந்துகொள்ள மேடுகூட இல்லாத இடம். 25 பவுண்டர் பீரங்கிகளைக் கண்ணால் பார்த்துக் குறிவைத்து, கடைசிவரை சுட்டார்கள். கடைசியில் டாங்குகள் அவர்கள் மேலேயே ஏறிப் போய்விட்டன. நம் திருச்செங்கோட்டுப் பக்கத்து பி.பி. குமாரமங்கலம் அந்த ரெஜிமென்ட்டில்தான் இருந்தார். அந்தச் சண்டைக்காக டிஎஸ்ஓ பதக்கம் பெற்றார், ஆனால் கைதியாகப் பிடிபட்டார். அதே மனிதர் 1966இல் ராணுவத் தலைமைத் தளபதி ஆனார். ஆர்ட்டிலரிக்காரர், அதுவும் நம் மண்ணின் ஆள்! பையன் வாயைத் திறக்கவில்லை.

கார்கில் போரில் திராஸில் நடந்ததை நான் சொல்வதைவிட நீ சொன்னால்தான் பொருத்தம், நீ லேயர், பீரங்கியைக் குறிவைக்கிறவன். 1999இல் தோலோலிங் உச்சியில் எதிரியின் ஓபி, அதாவது குண்டு எங்கே விழ வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறவன், உட்கார்ந்து சாலையையே பார்த்துக்கொண்டிருந்தான். நாம் சுட்டால் உடனே நம்மைத் தேடி குண்டு வரும். அந்த நிலையிலும் போஃபர்ஸ் பீரங்கியை முன்னே இழுத்துப் போய் மலைமுகட்டை நேர்க்குறியில் அடித்தார்களே, அது பாயிண்ட் 171இல் நடந்ததுபோலத்தானே? ஒவ்வொரு குண்டும் நாற்பது கிலோவுக்கு மேல். பத்தாயிரம் அடிக்கு மேலே மூச்சே திணறும், அதில் ராத்திரி பகலாகத் தூக்கிக் கொடுத்தோம். காற்று மெலிந்திருப்பதால் குண்டு கணக்கைத் தாண்டிப் போகும். அதற்கு ரேஞ்ச் டேபிளை, குண்டு எவ்வளவு தூரம் போகும் என்ற கணக்கு அட்டவணையை, திருத்தித் திருத்திச் சுட்டதை வெளியே யார் பேசுகிறார்கள்? ஜூன் 13இல் தோலோலிங், ஜூலை 4இல் டைகர் ஹில். காலாட்படை ஏறியது, உயிரைக் கொடுத்தது. அந்தப் பெருமையில் ஒரு துளியும் குறைக்க மாட்டேன். நம் குண்டு விழுந்துகொண்டிருந்ததால்தான் எதிரி தலை தூக்க முடியவில்லை என்பதும் சேர்ந்தே எழுதப்பட வேண்டும்.

ரெஜிமென்ட் வரலாற்றில் பதக்கமும் தேதியும் இருக்கும். பீரங்கி அருகே நின்றவன் என்ன செய்தான் என்பது இருக்காது. ஆகவே உட்கார்ந்து எழுது. எழுத்துப் பிழை பார்க்காதே, நம் பேட்டரியில், அதாவது நம் பீரங்கிப் பிரிவில், யார் எந்தப் பீரங்கியில் இருந்தார்கள் என்பதில் ஆரம்பி. எனக்குப் பெயர்கள் சில மறந்துவிட்டன, உனக்கு நினைவிருக்கும். பொங்கலுக்கு வரும்போது கொண்டு வா, பையன்களை வைத்துப் படிக்கச் சொல்லலாம்.

தங்கச்சிக்கும் மருமகளுக்கும் என் அன்பைச் சொல். காட்பாடியில் எந்த ரயிலில் இறங்குவாய் என்று முன்கூட்டியே எழுது, நான் வந்து நிற்கிறேன்.

உன் நண்பன்