பெட்டியை இப்போது மூடாதே

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே எல்லோரும் நலம். தங்கச்சியையும் பிள்ளைகளையும் விசாரித்ததாகச் சொல். பெரியவனுக்காக நீ செய்யும் கிடாரின் படங்களைப் பார்த்ததும் போன் போடத்தான் எடுத்தேன். ஆனால் நீ நடுவில் புகுந்து பேசியே என்னை முடிக்க விடமாட்டாய், அதனால் கடிதம்.

முதலில் முக்கியமானது. ஞாயிற்றுக்கிழமை பலகைகளையெல்லாம் ஒட்டிக் கிடார்ப் பெட்டியை மூடிவிடுவேன் என்று எழுதியிருக்கிறாய். மூடாதே.

வேலையில் ஒரு குறையும் இல்லை. மேல்பலகைக்கு அடியில் எக்ஸ் வடிவில் ஒட்டிய தாங்குகட்டைகள், அதாவது பிரேஸ்கள், சந்திக்கும் இடத்தில் பாதிக்குப் பாதி வெட்டி இறக்கியிருக்கிறாயே, தாள் நுழைய இடமில்லை. நம் ஆசாரி பார்த்தால் வாய்விட்டுப் பாராட்டியிருப்பார், அதுவும் யாரை, உன்னை! குறை நீ ஒட்டிய வாரத்தில் இருக்கிறது. கார்த்திகை அடைமழை, கடலுக்குப் பக்கத்து வீடு, திறந்த ஜன்னல். அந்தக் காற்றில் மேல்பலகை குடிக்க முடிந்த ஈரத்தையெல்லாம் குடித்து உப்பியிருந்தது. அந்த அகலத்திலேயே நீ அதைப் பிரேஸ்களோடு பூட்டிவிட்டாய்.

கணக்கைப் பார். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதம் இருந்தால், உன் மேல்பலகை மரமான ஸ்ப்ரூஸ் தன் உலர்ந்த எடையில் சுமார் 14 சதவீதம் தண்ணீரை வைத்திருக்கும். 45 சதவீதக் காற்றில் அது எட்டரைக்கு இறங்கும். உன் பலகை கீழ்ப்பக்கம் 400 மி.மீ. அகலம். இந்த வித்தியாசத்துக்கு அது ரேகைக்குக் குறுக்கே சுமார் 3 மி.மீ. சுருங்கப் பார்க்கும். ஆனால் குறுக்கே ஓடும் பிரேஸ் தன் நீளவாக்கில் அநேகமாகச் சுருங்கவே சுருங்காது. பலகை இழுக்கும், பிரேஸ் விடாது. முதலில் 25 அடி ஆரத்தில் நீ கொடுத்த குவிவு தட்டையாகும். பிறகு உள்ளே குழியும், கம்பிகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் கட்டை இறங்கும், கம்பி விரல்பலகையின் உலோகக் கட்டைகளில், அதாவது ஃபிரெட்டில், அடித்து இரையும். அதற்கு மேலும் காய்ந்தால் நடு மூட்டிலோ விரல்பலகையின் ஓரத்திலோ விரிசல் விடும். பெரியவன் இதைத் தூக்கிக்கொண்டு டொராண்டோ போகப்போகிறான். அங்கே பனிக்காலத்தில் ஹீட்டர் ஓடும் அறையில் 25 சதவீதம் இருந்தாலே பெரிது.

மாறாக, 45 சதவீதக் காற்றில் ஒட்டிய பலகை மழைக்காலத்தில் உப்பினால் குவிவு கொஞ்சம் கூடும், கம்பி உயரும், அவ்வளவுதான். பிரிட்ஜில் கம்பி உட்காரும் சேடில் துண்டை அரை மில்லி இழைத்தால் சரியாகிவிடும். உப்புவதைப் பொறுத்துக்கொள்ளலாம், சுருங்குவதற்கு மருந்தில்லை. அதனால்தான் வறண்ட பக்கமாகவே ஒட்டச் சொல்கிறேன்.

இப்போது செய்யவேண்டியது. முதலில் அந்த ஈரப்பத மீட்டரைச் சோதித்துப் பார், விலை மலிவானவை பத்துப் புள்ளிவரை பொய் சொல்லும். ஒரு மூடியில் சமையல் உப்பைப் போட்டு, கரையாமல் சேறுபோல ஆகும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விடு. மீட்டரையும் அதையும் ஒரு ஜிப் பையில் வைத்து இரவு முழுக்க மூடிவை. காலையில் 75 காட்டவேண்டும். 82 காட்டினால் அந்த 7-ஐ மனதில் கழித்துக்கொள்.

அடுத்து காயவைக்கும் பெட்டி. ஏ.சி.யை ட்ரை மோடில் போட்டாலும் அங்கே 55-க்குக் கீழே இறங்குவது கஷ்டம். பழைய மர அலமாரி ஒன்றில் 60 வாட் குண்டு பல்பைத் தொங்கவிடு. 28 டிகிரியில் 80 சதவீதம் இருக்கும் காற்றை 38 டிகிரிக்குச் சூடாக்கினால், ஒரு சொட்டுத் தண்ணீரை எடுக்காமலேயே அது 46 சதவீதம் ஆகிவிடும். பலகை பல்புக்கு நேரே நிற்கக் கூடாது, ஒரே பக்கம் காய்ந்து வளையும். இரண்டு பக்கமும் காற்றுப் படும்படி ரீப்பர்மேல் வை. சமையலறைத் தராசில் தினமும் எடை போட்டுக் குறித்துவை. 200 கிராம் பலகை சுமார் பத்துக் கிராம் இறங்கும். எடை நின்றுவிட்டால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம், நாள் கணக்கு வேண்டாம்.

ஒட்டிய மேல்பலகையை அப்படியே உள்ளே வைத்து ஸ்கேலைக் குறுக்கே பிடித்துப் பார். குவிவு மிச்சமிருந்தால் உனக்கு அதிர்ஷ்டம். தட்டையாகியிருந்தால் மனதைக் கல்லாக்கிக்கொண்டு பிரேஸ்களை உளியாலும் இழைப்புளியாலும் செதுக்கித் தள்ளிவிட்டுப் புதிதாக ஒட்டு. வெந்நீரும் கத்தியும் வைத்துப் பிரிக்கப் போகாதே, காயவைத்த பலகைக்கு மறுபடி தண்ணீர் காட்டினதாகும். பலகை 2.9 மி.மீ. இருக்கிறது என்றாய், ஸ்கிரேப்பரில் பத்தில் ஒரு மில்லி போனாலும் தாங்கும். பிரேஸ் கட்டைகள் போனால் போகட்டும், அந்தப் பலகை போனால் வராது.

புதிதாக ஒட்டும்போது கிளாம்ப், பசை எல்லாவற்றையும் முன்கூட்டியே எடுத்துவைத்துவிட்டு, கடைசியாகப் பலகையை வெளியே எடு. மூன்று மில்லி பலகை மழைக்காற்றில் வெகு சீக்கிரம் ஈரம் ஏறிவிடும். வஜ்ஜிரம் என்ற தோல் பசையைக் காய்ச்சினால் 60 டிகிரியைத் தாண்டவிடாதே, அதிகம் சுட்டால் பிடிப்பு போய்விடும். பின்பலகைக்கும் இதே கதைதான். அதற்கு நீ எடுத்த ஈட்டி மரத்தில் (ரோஸ்வுட்) எண்ணெய்ப்பசை உண்டு, ஒட்டும் இடத்தை அப்போதைக்கப்போது அசிட்டோனால் துடை. இழைக்கும்போது முகமூடி கட்டாயம், அந்தத் தூள் சிலருக்குத் தோலிலும் மூச்சிலும் ஒத்துக்கொள்ளாது.

ஈட்டியைப் பற்றி நீ மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய், மேல்பலகையைப் பற்றி நாலு வரி! ஸ்பெயினில் அந்தோனியோ தெ தோரஸ் 1862-இல் பின்னும் பக்கமும் காகித அட்டையில் செய்து, மேலே மட்டும் நல்ல ஸ்ப்ரூஸ் போட்டு ஒரு கிடார் கட்டினார். குரல் மேல்பலகையில் இருக்கிறது என்று காட்டத்தான் அதைச் செய்தார். ஈட்டி அழகு, கனம், ஒலியையும் நன்றாகத் திருப்பி அனுப்பும், மறுக்கவில்லை. ஆனால் உன் கவலையில் முக்கால்வாசி ஸ்ப்ரூஸுக்குப் போகட்டும். விமானத்தில் கொண்டுபோவது பற்றிக் கேட்டாய்: ஈட்டி வகை மரங்கள் 2017 ஜனவரியில் அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலுக்குள் வந்தன, 2019 நவம்பரிலிருந்து முழுமையாக முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு உண்டு. மரம் வாங்கிய ரசீதை மட்டும் பத்திரமாக வை.

கடைசியாக பாலிஷ். கார் பெயின்டரிடம் கொடுத்து நைட்ரோ (நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர்) அடிக்கப்போகிறாயாம். மழைக்காலத்தில் தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரம் அதில் இறங்கும், படலம் வெள்ளை பூத்துப்போகும். அவர் கார் கதவுக்கு அடிக்கிற கனத்தில் அடித்தால் பலகையின் துடிப்பும் அமுங்கிவிடும். செல்லாக் போடு மாப்பிள்ளை. ஜார்கண்டுக் காட்டில் புரசமரத்திலும் இலந்தையிலும் பூச்சி கட்டுகிற அரக்கு அது. உலகமெங்கும் கிளாசிக்கல் கிடார் செய்கிறவர்கள் விரும்பித் தேய்ப்பது அதைத்தான்.

மெழுகு நீக்கிய செல்லாக் செதிள் 20 கிராம், 99 சதவீத ஐசோப்ரோபைல் ஸ்பிரிட் 100 மி.லி. ஒரு நாள் ஊறட்டும், துணியில் வடிகட்டு. செதிள் பழசாக இருந்தால் கரையாமல் கூழாக நிற்கும். கரைத்ததும் பல மாதம் வைத்திருந்தால் காயாமல் பிசுபிசுக்கும். கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டுப் பார், மறுநாள் நகம் பதியக் கூடாது. பிரிட்ஜ் வரும் இடத்தை டேப்பால் மூடிவிடு, அங்கே வெறும் மரம்தான் பசையைப் பிடிக்கும். 320 உப்புத்தாளோடு நிறுத்திக்கொண்டு, முதல் பூச்சை மேல்பலகைக்கும் ஓரப் பட்டைகளுக்கும் கொடு. இது ஏன் என்றால், ஸ்பிரிட் பட்டதும் ஈட்டியிலிருந்து ஊதாப் பழுப்புச் சாயம் கரைந்துவரும், பூச்சில்லாத வெள்ளை மரத்தில் அது இறங்கினால் போகாது. ஈட்டியின் துளைகளைப் பியூமிஸ் (நுரைக்கல்) தூள் சிட்டிகையளவு தூவி, ஸ்பிரிட் நனைத்த பொட்டலத்தால் வட்டமாகத் தேய்த்து அடை. பொட்டலத்துக்கு உள்ளே கம்பளி, வெளியே பழைய வேட்டித் துணி. அதன்பின் செல்லாக், ஒட்டாமல் வழுக்க ஒரு சொட்டு ஆலிவ் எண்ணெய். பொட்டலத்தைப் பலகைமேல் நிறுத்திவிடாதே, நின்ற இடம் கரைந்து பெயர்ந்துவிடும். ஓடுகிறபடியே இறங்கி, ஓடுகிறபடியே ஏறவேண்டும்.

இதற்கு ஒரு குறை உண்டு. நம் ஊர் வியர்வையில் முழங்கை படும் இடம் மங்கும். ஆனால் அந்த இடத்தில் மட்டும் மறுபடி தேய்த்தால் புதுப்பூச்சு பழையதோடு கரைந்து ஒன்றாகிவிடும், நைட்ரோவில் அது அவ்வளவு லேசில்லை. கழுத்துக்கு எண்ணெய் வார்னிஷ் போதும்.

செதிள் நான் கொரியரில் அனுப்புகிறேன், வந்ததும் ஃபிரிட்ஜில் வை. காயவைக்கும் பெட்டிக்குள் வைப்பதற்கு முன் பலகையின் எடை எவ்வளவு, ஒரு வாரம் கழித்து எவ்வளவு, இரண்டையும் எழுது. பிரேஸ் விஷயத்தை அதைப் பார்த்து முடிவுசெய்வோம்.

அன்புடன்,
உன் மச்சான்