ஆயிரம் பிறை கண்ட என் கவிஞருக்காக வந்த எல்லோருக்கும் நன்றி

அன்பு உள்ளங்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை கும்பகோணத்தில் என் நண்பரின் எண்பதாவது பிறந்தநாள் நல்லபடியாக நடந்தது. தனியாக இருந்தால் நாங்கள் வாடா போடாதான். ஊரறிய எழுதும் மடல் என்பதால் 'அவர்' என்கிறேன். 1963இல் அரசு கல்லூரியில் பி.யு.சி. என்ற புகுமுக வகுப்பில் சேர்ந்த அன்று காவிரிப் பாலத்தில் கூட நடந்து வந்தவர், இன்றுவரை கூடவே வருகிறார்.

சி.சு. செல்லப்பாவின் 'எழுத்து' இதழ் அப்போது எங்களுக்குள் கைமாறிக் கைமாறி வரும். அதில் ந. பிச்சமூர்த்தியின் கவிதையைப் பார்த்துவிட்டு, "நம்ம ஊர்க்காரர்டா!" என்று பகவத் படித்துறையில் அவர் துள்ளியது இன்னும் கண்ணில் நிற்கிறது. அன்றைக்கு எழுத ஆரம்பித்தவர். எதையும் தனக்கென்று வைத்துக்கொள்ளத் தெரியாது. கேட்டவர் கையில் கையெழுத்துப் பிரதியையே கொடுத்துவிடுவார். மிச்சம் இருந்த நோட்டுகள் 1977 நவம்பர் புயலில் போயின. ஓடு பறந்த வீட்டில் டிரங்குப் பெட்டிக்குள் தண்ணீர் ஏறி, மை கரைந்து, தாளெல்லாம் ஒரே நீலம். இரண்டு பேருமாகக் கொடியில் காயப்போட்டுப் பார்த்தோம். ஒரு வரிகூடத் தேறவில்லை. அதைப் பற்றி அவர் அப்புறம் வாயே திறந்ததில்லை.

இப்போது கண்ணும் மங்கிவிட்டது. பெரிய எழுத்தில் ஒரு தொகுப்பாவது அவர் கையில் கொடுக்க வேண்டும் என்று கேட்டபோது நீங்கள் செய்ததை எப்படிச் சொல்வேன்! மன்னார்குடியிலிருந்து ஒரு அம்மா தன் பழைய பால் கணக்கு நோட்டையே அனுப்பியிருந்தார். கணக்குக்கு நடுவே, பென்சிலில், பதினொரு கவிதைகள். பத்திரிகையில் வந்த அன்றே பார்த்து எழுதி வைத்தாராம். தரமணி ரோஜா முத்தையா நூலகத்தில் நாள்கணக்காக உட்கார்ந்து சிற்றிதழ்களைப் புரட்டிய தம்பிக்கும், அங்கே எடுத்துக் கொடுத்தவர்களுக்கும் நன்றி. கோட்டையூரில் ஒரு மனிதர் ஆசை ஆசையாகச் சேர்த்ததல்லவா அந்த நூலகம்! சேர்த்து வைப்பவர்கள் இல்லாவிட்டால் என் நண்பரைப் போன்றவர்களுக்கு என்ன மிஞ்சும்?

கூலி வேண்டாம் என்று சொன்ன அச்சகத் தோழருக்கும், என் நண்பரைக் குலுங்காமல் கூட்டி வந்த ஆட்டோக்காரத் தம்பிக்கும், சமையல் செய்தவர்களுக்கும் நன்றி.

இந்த மடலை அவருக்கும் படித்துக் காட்டப்போகிறேன். அதனால் உனக்கும் ஒரு வார்த்தைடா. நீ கொடுத்ததெல்லாம் எங்கும் போகவில்லை. நல்ல கைகளில்தான் இருந்திருக்கிறது. நூறாண்டு இரு.

விழாவில் பேத்தி கவிதை வாசித்துக்கொண்டிருந்தபோது அவர் கையை உயர்த்தினாரே, கடைசி வரிசையில் இருந்தவர்களுக்கு என்னவென்று கேட்டிருக்காது. புயலுக்கு முந்தைய வருடம் எழுதிய கவிதை அது. "மூணாவது வரியில அந்த 'மட்டும்' வேண்டாம்மா, எடுத்துடு" என்றார். பேத்தி அதை விட்டுவிட்டு மறுபடி வாசித்தாள். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "இப்ப சரி" என்றார்.

புத்தகம் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து 47ஆம் பக்கத்தில் அந்தச் சொல்லைப் பேனாவால் அடித்துவிடுங்கள்.