கழுதைகள் எதிரெதிரே வராத கிணறு

அன்புள்ள கண்ணா,

நாங்கள் நலம். அப்பாவுக்கு மட்டும் முழங்கால் கொஞ்சம் வலிக்கிறது, மேலே படித்தால் காரணம் தெரியும்.

ரோமுக்கும் ஃபுளோரன்ஸுக்கும் நடுவில் ஒரு நாளைக் காலியாக விட்டிருந்தாய் இல்லையா, ஓய்வெடுங்கள் என்று. ஓட்டல் அறையில் படுத்துக்கிடக்கவா இவ்வளவு தூரம் வந்தோம்? ஓர்வியேத்தோ என்ற ஊருக்குப் போய்விட்டோம். ரோமிலிருந்து சாதா ரயிலில் ஒன்றேகால் மணி நேரம். ஸ்டேஷனில் இறங்கினால் ஊரைக் காணோம், அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கிறது. எரிமலைச் சாம்பல் இறுகி ஆன பெரிய பாறை, சுற்றிலும் செங்குத்தாக நிற்கிறது, அதன் தலையில் ஊர். ஸ்டேஷனுக்கு எதிரிலேயே விஞ்ச் வண்டி இருக்கிறது, ஏறி உட்கார்ந்தால் சில நிமிஷத்தில் மேலே விட்டுவிடுகிறது.

எல்லாரும் விஞ்சை விட்டு இறங்கியதும் நேரே பேராலயத்துக்கு ஓடுகிறார்கள். எனக்குக் கண்ணில் பட்டது கிணறு. பக்கத்திலேயே இருக்கிறது, புனித பாட்ரிக் கிணறு என்று பெயர். 1527இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸின் படை ரோமைச் சூறையாடியபோது போப் ஏழாம் கிளெமென்ட் வேஷம் மாற்றிக்கொண்டு தப்பி இந்த ஊருக்குத்தான் வந்தார். பாறைமேல் எதிரி ஏற முடியாது, சரி, ஆனால் கீழே சுற்றி வளைத்து உட்கார்ந்துகொண்டால் தண்ணீருக்கு எங்கே போவது? அதற்காக வெட்டச் சொன்ன கிணறு. கட்டியவர் இளைய அந்தோனியோ த சங்கல்லோ. வேலை முடிந்தது 1537இல், போப் 1534லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். முடிந்த கிணற்றை அவர் பார்க்கவே இல்லை.

53 மீட்டர் ஆழம். கயிறு, ராட்டினம் ஒன்றும் கிடையாது, கழுதையை அடி வரைக்கும் ஓட்டிப்போய்த் தண்ணீர் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள். ஒற்றையடிப் படியில் இறங்குகிற கழுதையும் ஏறுகிற கழுதையும் முட்டிக்கொண்டால் என்ன ஆவது? அதற்கு அந்த மனுஷன் செய்ததுதான் விஷயம். கிணற்றுத் துளையைச் சுற்றி இரண்டு படிக்கட்டு, ஒன்றின் மேல் ஒன்றாகச் சுற்றிச் சுற்றி இறங்குகிறது, ஒவ்வொன்றிலும் 248 படி. இரண்டும் எங்கேயும் ஒட்டாது, அடியில் தண்ணீருக்கு மேலே ஒரு சின்னப் பாலத்தில்தான் சேரும். ஒன்றில் இறங்கி இன்னொன்றில் ஏறிவிட வேண்டும். அப்பா வழக்கம்போல முன்னால் போய்விட்டார். நான் பாதி இறங்கும்போது எதிர்ச் சுவர் ஜன்னலில் அவர் தலை தெரிந்தது, ஏறிக்கொண்டிருக்கிறார், மூச்சு வாங்குகிறது, அப்படியும் எனக்குக் கையை ஆட்டுகிறார். அடுத்த ஜன்னலுக்கு நான் வருவதற்குள் ஆளைக் காணோம். படிகள் கழுதைக் குளம்புக்காகப் போட்டவை, அகலம், உயரம் கம்மி, சரிவாக வேறு இருக்கிறது. நம் காலுக்கு ஒத்துவரவில்லை. முழங்கால் வலி புரிந்ததா?

திருவெள்ளறையில் நாலு பக்கமும் படி வைத்த ஸ்வஸ்திகக் கிணற்றுக்கு உன்னைச் சின்ன வயதில் கூட்டிப்போனோமே, பல்லவர் காலத்தது, அங்கேயும் ஒரு துறையில் இறங்குகிறவருக்கு அடுத்த துறையில் இருப்பவர் தெரியமாட்டார். சங்கல்லோவுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை, ஆனாலும் தண்ணீருக்குப் போகிற கூட்டத்தை எப்படிப் பிரிப்பது என்று இரண்டு இடத்திலும் யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

கிணற்றைப் பார்த்த பிறகு ஊரே எனக்கு வேறுமாதிரி தெரிந்தது. பாறைக்கு அடியில் 1200 குகை கணக்கெடுத்திருக்கிறார்களாம், சிலவற்றைக் கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள். ரோமர்களுக்கு முன்னால் இங்கே இருந்த எத்ருஸ்கர்கள் வெட்டிய குறுகலான கிணறுகள் அங்கே இருக்கின்றன, ஒரு ஆள் புகுகிற அகலம்தான், ஏறி இறங்கப் பக்கச் சுவரில் கால் வைக்கக் குழி கொத்தியிருக்கிறார்கள். இன்னொரு குகையின் சுவர் முழுக்க வரிசை வரிசையாகச் சதுரப் பொந்து. புறா வளர்த்த இடம். பாறையின் வெளிப்பக்கம் ஒரு ஜன்னல் விட்டுவிட்டால் புறா தானே பறந்துபோய் மேய்ந்துவிட்டுத் திரும்பி வரும், தீனிச் செலவு இல்லாமல் கறி. இன்றைக்கும் இந்த ஊர் ஓட்டல்களில் புறா உண்டு. அப்பா ஆசைப்பட்டார், நான் கண்ணை உருட்டியதும் உம்ப்ரிகெல்லி என்ற கையால் உருட்டிய தடித்த பாஸ்தாவுக்கு வந்துவிட்டார். தக்காளி, பூண்டு, மிளகாய் போட்டது. மிளகாய் இருந்தது என்றுதான் சொல்ல முடியும், காரம் இருந்தது என்று சொல்ல முடியாது. ஊரின் வெள்ளை ஒயின் பேர் போனது என்று ஒரு கிளாஸ் வாங்கினார், ரசீதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

பேராலயத்தையும் விடவில்லை. 1290இல் அடிக்கல் போட்டது. முன்பக்கம் தங்க மொசைக், வெயில் பட்டால் கண் கூசுகிறது, ஆனால் எனக்குப் பிடித்தது பக்கச் சுவர்: கருங்கல் ஒரு வரி, வெள்ளைக் கல் ஒரு வரி, மேலே வரைக்கும் பட்டை பட்டையாக. உள்ளே ஒரு சிற்றாலயத்தில் லூகா சின்யோரெல்லி 1499இல் ஆரம்பித்து வரைந்த உலக முடிவு ஓவியங்கள். பொய் மெசியா ஒருவன் நின்று பிரசங்கம் பண்ணுகிறான், பின்னாலிருந்து சாத்தான் காதில் சொல்லிக்கொடுக்கிறான். படத்தின் ஓரத்தில் கறுப்பு அங்கியோடு ஓவியரே நின்று பார்க்கிறார். நானும் ரொம்ப நேரம் நின்றேன். எதிரே ஒரு கோபுரத்தில் மணியடிக்க வெண்கலத்தில் ஆள் செய்து வைத்திருக்கிறார்கள், ஆலயம் கட்டிய வேலையாட்களுக்கு நேரம் காட்டவாம். 14ஆம் நூற்றாண்டிலேயே மேஸ்திரிக்கு இதுதான் கவலை!

மதியம் ஒரு மணிக்கு மேல் ஊர் கதவைச் சாத்திக்கொள்கிறது. கடையெல்லாம் ஷட்டர். பஸ்ஸில் வந்த கூட்டம் எரிச்சலோடு சுற்றியது, நாங்கள் மேற்குப் பக்கம் சான் ஜோவெனாலே என்ற பழைய சின்னக் கோவில் வரைக்கும் நடந்தோம். அதைத் தாண்டிப் பாறை விளிம்பு, கைப்பிடிச் சுவர், கீழே திராட்சைத் தோட்டம். திண்ணை மாதிரி ஒரு இடத்தில் அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு அரை மணி தூங்கினார். எதிர் வீட்டு அம்மாள் ஜன்னலில் துணி காயப்போட்டுக்கொண்டே அவரைப் பார்த்துச் சிரித்தாள், எனக்குத்தான் வெட்கமாகப் போய்விட்டது.

நீயும் அவளும் போனால் காலையில் முதல் வேலையாகக் கிணற்றை முடித்துவிடுங்கள், சாப்பிட்டுவிட்டு அந்தப் படி ஏற முடியாது. இரண்டரைக்கு அப்புறம் ஓட்டலில் சாப்பாடு கிடைக்காது, கவனம். தாள் டிக்கெட் வாங்கினால் ரயில் ஏறுமுன் மெஷினில் முத்திரை குத்த மறக்காதே. போட்டோ அப்பா அனுப்புவார், பாதியில் அவர் விரல்தான் இருக்கும், பொறுத்துக்கொள்.

அன்புடன்,
அம்மா