இரண்டாவது நிக்காஹ்வும் முதல் மனைவியின் சொல்லும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கையின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத் திருத்தம் பற்றிய கட்டுரைகளில் திருமண வயதும், பெண்களைக் காதிகளாக (முஸ்லிம் விவாக வழக்குகளை விசாரிக்கும் நீதிபதிகளாக) நியமிப்பதும் நிறையப் பேசப்படுகின்றன. பலதார மணமோ ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகிறது. அதன் வேதனையை என் குடும்பத்துக்குள்ளேயே கண்டவள் என்பதால் எழுதுகிறேன்.

தன் கணவர் வேறோர் ஊரில் நிக்காஹ் (திருமணம்) செய்துகொண்ட செய்தி, ஏழு மாதங்களுக்குப் பின், கடைக்குப் போன இடத்தில் ஒரு பெண் அனுதாபமாகப் பேசியபோதுதான் என் தாத்தாவுக்குத் தெரிந்தது. (எங்கள் ஊரில் மூத்த சகோதரியைத் தாத்தா என்போம்.) மனைவியுள்ள ஒருவர் மீண்டும் மணமுடிக்க எண்ணினால் 30 நாட்களுக்கு முன்னரே உரிய பகுதிகளின் காதிகளுக்கு அறிவிக்க வேண்டும் என்று 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24ஆம் பிரிவு கூறுகிறது, ஆனால் மனைவியின் சம்மதத்தைப் பெற வேண்டும் என்று அது கூறவில்லை. பதியப்படவில்லை என்ற காரணத்தால் மட்டும் ஒரு நிக்காஹ் செல்லாமற்போகாது என 16ஆம் பிரிவு இருப்பதால், யாருக்கும் அறிவிக்காமலே காரியத்தை முடித்துவிட முடிகிறது.

கிழக்கு மாகாணத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துக் கட்டிவைப்பது வழக்கமாதலால் தாத்தாவுக்குத் தங்க இடமிருந்தது. செலவுக்குத்தான் வழியில்லை. குவைத்தில் வீட்டுப் பணிப்பெண்ணாக உழைத்து அவர் அனுப்பிய பணத்தில் வாங்கிய முச்சக்கரவண்டி, இப்போது அந்த மற்ற ஊரில் ஓடுகிறது. பெண்ணின் உழைப்பில் குடும்பம் நிமிர்ந்துவிட்ட இக்காலத்திலும் அவளுடைய வாழ்வைப் பற்றிய முடிவில் அவளுக்கு இடமில்லை.

இரண்டாவது பெண்மீது எனக்குக் கோபமில்லை. அவர் கணவனை இழந்து, இரு பிள்ளைகளுடன் தனித்திருந்தவர். அங்கும் கணவர் தரும் பணம் குறைந்து, தாபரிப்பு (பராமரிப்புச் செலவு) கேட்டுப் போனபோது, பதிவில்லாத விவாகத்தை நிரூபிக்கும் சுமையும் அவர் தலையிலேயே விழுந்தது.

நீதமாக நடக்க இயலாதென அஞ்சினால் ஒருத்தியோடு போதுமாக்கிக்கொள்ளுமாறு குர்ஆனின் சூரா அந்நிஸாவின் 3ஆவது வசனம் பணிக்கிறது. கணவர் நீதமாக நடப்பாரா என்பதை உடன் வாழ்ந்தவளிடம் கேளாமல் வேறு யாரிடம் கேட்பது? இச்சட்டத்தின் திருத்தங்களை ஆராய 2009இல் அமைக்கப்பட்ட நீதியரசர் சலீம் மர்சூப் குழு, 2018இல் இரு வேறு நிலைப்பாடுகளுடன் அறிக்கை கையளித்தது. எந்த நிலைப்பாட்டை ஏற்பவராயினும், அறிவித்தலை மனைவியின் கையில் சேர்ப்பதையும், காதி அவளையும் மணமகளாக வரவிருப்பவளையும் நேரில் அழைத்து விசாரிப்பதையும், கணவனின் வருமானத்தை ஆராய்வதையும், பதிவையும் கட்டாயமாக்க நம் பிரதிநிதிகள் முன்வர வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
அம்பாறை மாவட்டம்.